உட்கார மறுத்த செகாகே

ரமோகா மேட்டில் செகாகே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் ஆண்கள் வட்டம் கட்டி உட்கார்ந்து சோளக் கள்ளைச் சுற்ற விடும்போது, அவர் மட்டும் சுவரில் ஒரு தோளைக் கொடுத்து நின்றபடியே வாங்கிக் குடிப்பார். சர்ச்சில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால் நிற்பார். வீட்டில் மக்காச்சோளக் களியும் கீரையும் தட்டில் போட்டுக் கொடுத்தால் ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிடுவார்.

“எங்க வீட்ல ரெண்டு குதிரை. ஒண்ணு தொழுவத்துல நிக்குது, இன்னொண்ணு அடுப்பங்கரையில நிக்குது” என்று, எங்கள் வழக்கப்படி கல்யாணத்தன்றே ‘தூசோவின் அம்மா’ என்று பெயர் வாங்கிய அவர் மனைவி மாதூசோ தண்ணீர்க் குழாயடியில் சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் அவள் கண் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் அந்த மேட்டின் சுகாதாரப் பணியாளர். அரசாங்கம் கொடுத்த ஒரு பை, என் சொந்தக் கால்கள் இரண்டு, இவைதான் என் ஆஸ்பத்திரி. பையில் காசநோய் மாத்திரையும் கட்டுத்துணியும் இருக்கும். நான் சுற்றி வரும் வீடுகளில் பதினொன்றில் செகாகேயைப் போன்ற ஆண்கள் இருந்தார்கள். எல்லோரும் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர்கள். எல்லோர் நெஞ்சிலும் கல்தூசு, அதில் காசநோய் ஒட்டாமலிருக்கத்தான் என் மாத்திரை. செகாகே பத்தொன்பது வயதில் போனார். பாறையில் துளை போடும் மெஷின் அவர் கையில் இருந்தது. நாற்பத்திரண்டில் திரும்பி வந்தபோது தொழுவம்வரை நடந்துபோகவே இரண்டு இடத்தில் நின்றார். டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்க நுரையீரலிலும் தூசு கல்லாகப் படிந்துவிட்டது, அதை எடுக்க மருந்தில்லை என்று அனுப்பி வைத்தார்கள்.

மூச்சு முட்டும்போதெல்லாம் அவர் தன் சாம்பல் நிறக் குதிரையிடம் போவார். அதன் முதுகில் இரண்டு கைகளையும் மடித்து வைத்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்து, ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நிற்பார். குதிரை அசையாது. கால் மணி நேரம், அரை மணி நேரம். போர்வை போர்த்திய மனிதனும் குதிரையும் ஒரே உருவம்போல மூடுபனியில் தெரியும். அதை நான் பாசம் என்று நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் குதிரையின் காதுகள் முன்னால் நிற்காது. இரண்டும் திரும்பி, அவருடைய இடது பக்கத்தையே நோக்கியிருக்கும். ஈ மொய்த்தாலும் திரும்பாது. அங்கே என்ன இருக்கிறது என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்தேன். புல்தான் இருந்தது.

எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையின் தொடக்கத்தில் விழுந்த உறைபனியில் குதிரை செத்துப்போனது. நான்காம் நாள் மாதூசோ பனியை மிதித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, நீ வந்து பாரு. மூணு நாளா தொழுவத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாரு. படுத்தா மூச்சு முட்டுது. உக்காருங்கன்னா அடிக்க வர்றாரு. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு.”

“ஏதாவது பேசுறாரா?”

“பேசல. காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் பேசினா ‘உஷ்’ங்கிறாரு.”

மாதம் ஒருமுறை, முதல் செவ்வாய்க்கிழமை, டவுனிலிருந்து லினேயோ என்ற பெண் எங்கள் அடிவார கிளினிக்குக்கு வருவாள். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுகூட இருக்காது. சமவெளிக்காரி. குதிரை என்றால் பயம், அதனால் எங்கள் மேட்டுக்கெல்லாம் நடந்தே ஏறுவாள். அந்தச் செவ்வாய் அவளை நேராகச் செகாகே வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

செகாகே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறுபோல விறைத்தது.

“டாக்டரம்மா வந்தாச்சா?” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

“டாக்டர் இல்ல ஐயா. ஊசி போடத் தெரியாது. உக்காரச் சொல்லித்தரத்தான் எனக்குத் தெரியும்.”

“அதுக்கு நீ... வேற வீடு பாரு.”

லினேயோ கோபப்படவில்லை. முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, கைகளைத் தளர விடச் சொன்னாள். அதைச் செய்தார். சூடான களியை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விடச் சொன்னாள். அதையும் செய்தார். கொஞ்சம் தேவலை என்று முகத்தில் தெரிந்ததும் ஒரு முக்காலியை அவருக்குப் பின்னால் நகர்த்தி, “கால் இனிமே தாங்காது ஐயா. ரெண்டே ரெண்டு நிமிஷம்” என்றாள்.

கால் நிஜமாகவே தாங்கவில்லை. அவர் உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதுதான் சரி. லினேயோ அவர் முழங்கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்தாள். முன்கைகளைத் தொடைமேல் ஊன்ற வைத்தாள். உடம்பை முன்னால் சாய்த்து, மணிக்கட்டைத் தொங்க விட்டு, தலையைத் தளர விடச் சொன்னாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள்கள் காதை விட்டு இறங்கின. கழுத்து நரம்பு அடங்கியது. மூச்சின் விசில் சத்தம் தேய்ந்து தேய்ந்து, வீட்டுக்குள் அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது. மாதூசோ வாயில் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அப்போது செகாகே தலையை நிமிர்த்தாமலே கேட்டார், “என் இடது பக்கம் யாரு உக்காந்திருக்கா?”

“யாரும் இல்ல ஐயா. நான் உங்களுக்கு எதிர்லதான் இருக்கேன்.”

“யாரும் இல்லன்னா, யாரு மூச்சு விடுறது?”

மறுகணம் முக்காலி உருண்டது. அவர் எழுந்து, பனிக்குள் செருப்பில்லாமல் போய், தொழுவச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பழைய விசில் சத்தம் வாசலுக்குத் திரும்பி வந்தது.

லினேயோ அன்று மலை இறங்கும்போது என்னிடம், “பிராணவாயு குறைஞ்சா மனசுல சத்தம் கேக்கும்க்கா. அப்படி நெறைய பேரைப் பாத்திருக்கேன்” என்றாள். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டது பத்து நாள்தான் நிலைத்தது. ஒரு பிற்பகல் மாத்திரை கொடுக்கப் போனேன். மூடுபனி கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. தொழுவச் சுவர் எங்கே என்று செகாகேயின் மூச்சை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வேகமான, கிழிந்த மூச்சு. சுவரில் கை வைத்து அதைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் இன்னொரு மூச்சு கேட்டது. அது வேறு விதமாக இருந்தது. உள்ளே கொஞ்சம், வெளியே நிறைய. நிதானமான ஆண் மூச்சு. மாதூசோ தண்ணீருக்குப் போயிருந்தாள், வழியில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தொழுவத்தில் ஆடு இல்லை, குதிரை இல்லை. அந்த மூச்சு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கற்களின் இடுக்கு வழியாக, என் கைக்கு நேராக வந்தது. உள்ளங்கையில் அதன் வெதுவெதுப்புப் பட்டது.

கையை எடுத்துக்கொண்டேன். பை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

“உனக்கும் கேட்டுச்சா?” என்று செகாகேயின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. அதில் பயம் இல்லை. ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது.

“கேட்டுச்சு அண்ணே.”

“அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல.”

அடுத்த மாதச் செவ்வாயில் லினேயோவையும் மாதூசோவையும் வைத்துக்கொண்டுதான் அவர் சொன்னார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை நின்று நின்று சொன்னார். அந்த இடைவெளிகளை நான் இங்கே விட்டுவிடுகிறேன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை ஷிப்ட். அவரும் கோவபானே என்பவரும் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் ஒரே கூண்டில் இறங்கினார்கள். கோவபானே மலைக்கு அந்தப் பக்கத்து லெபாகா ஊர்க்காரர். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற ஆள். மத்தியானத்துக்கு முன் கூரைப் பாறை சரிந்தது. இருவருக்கும் நடுவில் விழுந்த பாறையில் ஒரு கை நுழைகிற அளவு விரிசல்தான் மிஞ்சியது. விளக்குகள் அணைந்தன. செகாகேக்கு முப்பது வயது. பயத்தில் நாய்போல இரைத்தார்.

“அப்ப அந்தப் பக்கத்திலேர்ந்து அவன் கத்துறான். ‘டேய் செகாகே, எந்தப் பந்தயத்துலடா ஓடுற? எனக்கும் கொஞ்சம் காத்து மிச்சம் வை.’ எனக்குச் சிரிப்பு வரல. ‘உக்காருடா. முழங்கையை முட்டி மேல ஊணு. தலையைத் தொங்கப் போடு. எங்கப்பாவுக்கும் நெஞ்சு பூரா தூசுதான், அவர் இப்படித்தான் உக்காருவாரு. நான் சத்தமா விடுறேன், அதே மாதிரி நீயும் விடு’ன்னான். நான் உக்காந்தேன். விரிசல் என் இடது காதுக்கு நேரா இருந்துச்சு. அவன் விட்டான், நான் விட்டேன். ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி. வேற வேலையே இல்ல.”

மீட்புக்காரர்கள் செகாகே இருந்த பக்கமாகத் துளைத்து வந்தார்கள். அவர் அந்த விரிசலைக் காட்டினார். மெஷின்களை நிறுத்தி, ஏழெட்டுப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் காதை வைத்துக் கேட்டார்கள்.

“எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. அவங்க ‘யாரும் இல்லப்பா’ன்னாங்க. ‘மூச்சு விடுறான், கேளுங்க’ன்னேன். மறுபடியும் கேட்டுட்டு, ‘இல்லப்பா’ன்னு என்னைத் தூக்கிட்டாங்க. நான் முரண்டு பண்ணியிருக்கணும். பண்ணல. மேல போகணும்னு இருந்துச்சு. சாயங்காலம் அந்த இடம் முழுசா இறங்கிடுச்சுன்னு சொன்னாங்க. அவன் உடம்பு வரல. வீட்டுக்கு, கல்லு விழுந்த உடனே போயிட்டார்னு எழுதிட்டாங்க.”

இடது காதைத் தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

“நின்னுக்கிட்டிருந்தா அவன் கொஞ்சம் தள்ளி இருக்கான். குதிரை மேல சாஞ்சா அதோட மூச்சு பெருசு, இவன் மூச்சை மூடிடும். உக்காந்து குனிஞ்சா மட்டும் காதோரம் வந்துடறான்.”

லினேயோ அவர் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள், “அவர் மூச்சு எப்படி இருக்கும் ஐயா? வேகமாவா?”

“மெதுவா. ரெண்டு எண்ணிக்கை உள்ள. நாலு எண்ணிக்கை வெளிய.”

“நான் சொல்லித்தர வந்ததும் அதேதான். என்னைவிட முன்னாடியே சொல்லிக்குடுத்துட்டார். நீங்க அவரை விட்டு ஓடாதீங்க. அவர் கூடவே விடுங்க.”

“பொண்ணு, உனக்குப் புரியல” என்றார் செகாகே. “அவன் எனக்குத் துணைக்கு வரல. வெளிய வரப் பாக்குறான்.”

மாதூசோதான் எழுந்து முக்காலியை எடுத்து நடுவீட்டில் போட்டாள்.

“வெளிய வந்து எங்க போவாரு? அவரு வீட்டுக்குத்தானே? அவருக்கு வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கா. பதினாறு வருஷமா அவகிட்ட நீங்க பொய்யை விட்டு வெச்சிருக்கீங்க. போய்ச் சொல்லுங்க. அதுக்கு உங்க கால்ல தெம்பு வேணும். உக்காருங்க தூசோ அப்பா.”

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார்.

செப்டம்பரில் பீச் மரங்கள் பூத்திருந்தபோது லெபாகாவுக்குக் கிளம்பினோம். நல்ல காலுக்கு இரண்டு மணி நேர ஏற்றம். பக்கத்து வீட்டுக்காரர் தன் பழுப்புக் குதிரையைக் கொடுத்தார். செகாகே சேணத்தில் கை வைக்கப் போனதும் அது பின்வாங்கியது. இரண்டாம் தடவை பின்னங்கால்களில் எழுந்தது. அது பார்த்தது அவரை அல்ல, அவருக்கு இடப்பக்கத்தை. பக்கத்து வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார். நாங்கள் நடந்தோம்.

லினேயோ சொல்லிக் கொடுத்ததை அவர் ஒரு மாதம் பழகி வைத்திருந்தார். காலைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முட்டின பிறகு நிற்கக் கூடாது, முட்டுவதற்கு முன்னால் நிற்க வேண்டும். நிற்க எந்த இடம் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டும். அவர் அப்படியே செய்தார். மார்பளவுப் பாறை வந்தால் கைகளை அதன்மேல் மடித்து நெற்றியைச் சாய்த்தார். செங்குத்துப் பாறை வந்தால் முதுகைக் கொடுத்தார். ஒன்றும் இல்லாத இடத்தில் குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நானும் மாதூசோவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்கள் மூவரின் மூச்சும் கேட்கும். சில இடங்களில் அதற்கும் மேல் ஒன்று கேட்கும்.

கணவாயில் பனிமூட்டம் வந்து மூடியது. உட்காரும் உயரத்தில் ஒரு நீளக் கல் இருந்தது. திறந்த வெளியில் செகாகே உட்கார்ந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வலது ஓரமாக உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, தலையைத் தொங்கவிட்டார். மாதூசோ கால் வலிக்கிறது என்று இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

“என்ன?” என்றேன்.

“கல்லு சூடா இருக்கு அக்கா. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி.”

தொட்டுப் பார்த்தேன். இடது பாதியில் உடம்புச் சூடு இருந்தது. நடுவில் பனி ஈரம். நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “கிளம்பலாம்” என்றேன்.

லெபாகாவில் கோவபானேயின் மனைவி மாநலேலி வாசலில் நின்றிருந்தாள். ஒல்லியான, நேராகப் பேசுகிற பெண். நாங்கள் வருவதாக யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் அவள் வட்ட வீட்டு வாசலில் இரண்டு முக்காலிகள் துடைத்துப் போடப்பட்டிருந்தன.

“மேட்டுலேர்ந்து வர்றீங்களா?” என்றாள். “வாங்க. நேத்துலேர்ந்து வாசல்ல, ஏத்தம் ஏறி வந்த ஆள் இரைக்கிற மாதிரி சத்தம். கதவைத் தெறந்தா யாரும் இல்ல. யாரோ வரப்போறாங்கன்னு எடுத்துப் போட்டேன்.”

“நாங்க மூணு பேரு. ரெண்டு போட்டிருக்கீங்களே?” என்று மாதூசோ கேட்டாள்.

அவள் முக்காலிகளைப் பார்த்தாள். “தெரியல. ரெண்டுன்னு கைக்குத் தோணுச்சு.”

செகாகே ஒன்றில் உட்கார்ந்தார். மற்றதில் நாங்கள் யாரும் உட்காரவில்லை, தரையில் போர்வையை விரித்துக்கொண்டோம். அவர் எல்லாவற்றையும் சொன்னார். விரிசலைச் சொன்னார், பந்தயக் கேலியைச் சொன்னார், ‘மேல போகணும்னு இருந்துச்சு’ என்பதையும் விடாமல் சொன்னார்.

முடித்ததும் மாநலேலி கேட்டாள், “என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

செகாகே இல்லை என்று தலையை ஆட்டினார். “மூச்சைப் பத்தித்தான் பேசினான். வேற எதுக்கும் காத்து இல்ல.”

“உடனே போயிட்டார்னு தாள்ல எழுதியிருந்துச்சு. நான் நம்பல. அந்த ரெண்டு நாளும் என் புள்ள பால் குடிக்கல, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வாசலையே பாத்துச்சு.”

“நீ திட்டுவன்னு நெனச்சேன்மா” என்றார் செகாகே.

“திட்டுறதுக்குப் பதினாறு வருஷம் லேட்டா வந்திருக்கீங்க அண்ணே. அப்ப வந்திருந்தா கல்லால அடிச்சிருப்பேன்.”

அவள் எழுந்தாள். காலியாக இருந்த முக்காலியை இரண்டு கைகளாலும் தூக்கினாள். வெறும் முக்காலியை அப்படித் தூக்க மாட்டார்கள், முதுகு வளைந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பின்சுவரோரம் வைத்தாள். மடித்து வைத்திருந்த ஆண் போர்வை ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தி, முன்னால் ஒரு கிண்ணம் கள் வைத்தாள். “வந்துட்டீங்கல்ல, இருங்க” என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு ஆளுக்குச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, எங்களுக்குக் களி கிண்டப் போனாள்.

அப்போதுதான் செகாகேயின் முகம் மாறியது. தலையை இடது பக்கம் சாய்த்தார். இன்னும் சாய்த்தார்.

“காணோம்” என்றார்.

“என்ன காணோம்?”

“அவன் மூச்சு. நின்னுடுச்சு.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்கள் பிதுங்கின. மூச்சு எகிறியது. பதினாறு வருஷம் எதிலிருந்து தப்பி நின்றாரோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் மூச்சு விட்டிருக்கிறார் என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்தது. உதடு நீலமாக மாறியது. மாதூசோ என்னைத் தள்ளிவிட்டு அவர் முன்னால் மண்டியிட்டாள். அவர் கைகளைத் தன் தோள்மேல் எடுத்துப் போட்டு, நெற்றியைத் தன் நெற்றியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

“என்னைக் கேளுங்க தூசோ அப்பா. அவரு போயிட்டாரு. நான் இருக்கேன். என்னைக் கேளுங்க.”

உள்ளே இரண்டு. வெளியே நாலு. சத்தமாக விட்டாள். அவர் பிடிக்க வெகுநேரம் ஆனது. பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு செகாகே இரண்டரை வருஷம் இருந்தார். வீட்டில் ஒரு மேஜை போட்டு, அதன்மேல் இரண்டு தலையணை அடுக்கி, கைகளால் அவற்றைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்காருவார். ராத்திரி படுக்கும்போது, லினேயோ சொன்னபடி தலையணைகளைப் படிக்கட்டாக அடுக்கி, ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுப்பார். அடுப்பை மாதூசோ வெளியே மாற்றினாள். வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைக் கிண்டல் செய்யும் அளவுக்குத் தேறினார். ஆனால் மூச்சு முட்டினால் மாதூசோ வர வேண்டும். எதிரில் உட்கார்ந்து அவள் விட வேண்டும். குழாயடியில் இருந்தாலும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஒருநாள் நான் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கொல்லையில் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். இருவர் மூச்சும் ஒரே அளவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மண்சுவர்.

ஏப்ரலில் ஒரு காலை மாத்திரையோடு போனேன். வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது, இரண்டு, நாலு. உள்ளே செகாகே மேஜைமேல் தலையணையைக் கட்டிக்கொண்டு முகம் புதைத்திருந்தார். எதிரில் மாதூசோ. அவள் உதடு வெடித்திருந்தது.

“அக்கா, இன்னிக்கு ரொம்பப் பின்தங்குறாரு” என்றாள். “நான் நிறுத்தினா அவரும் நிறுத்திடுவாரு.”

அவர் கையைத் தொட்டேன். தொழுவச் சுவர்போலச் சில்லிட்டிருந்தது. விடியும்போதே போயிருக்க வேண்டும். நான் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் விட்டேன். அப்புறம் அவளே நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. செகாகேயின் தாய்மாமா அவரைத் தூக்கி மல்லாக்கப் படுக்க வைத்ததும் மாதூசோ பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மல்லாக்க வெக்காதீங்க. அவருக்கு முட்டும்.”

“செத்தவனுக்கு ஏதும்மா மூச்சு?” என்றார் மாமா. “பாதிரியார் காத்திருக்காரு.”

“மல்லாக்க வெச்சா மூட விடமாட்டேன்.”

சாவுக்கு வந்திருந்த லினேயோ கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். “பத்து நிமிஷம் குடுங்க” என்றாள். வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பெட்டிக்குள் சரிவாக அடுக்கினாள். நானும் மாதூசோவும் பிடித்துக்கொள்ள, உயிரோடு இருப்பவரைத் திருப்புவதுபோல அவரைப் பக்கவாட்டில் திருப்பினாள். “மேல்கால இன்னும் கொஞ்சம் மடக்குங்க அக்கா. கழுத்துக்குக் கீழ இடைவெளி இருக்கக் கூடாது” என்றாள். குரல் கிளினிக்கில் இருப்பதுபோலவே இருந்தது.

கடைசித் தலையணையைத் தோளுக்குக் கீழே செருகினபோது அவர் நெஞ்சிலிருந்து காற்று வந்தது. உதடுகள் லேசாகக் குவிந்து, நீளமாக, நிதானமாக வெளியே வந்தது. வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். மாமா வாசலுக்கே போய்விட்டார். லினேயோ அவர் விலாவில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை.

மாதூசோ, “இப்ப சரியா இருக்கு” என்றாள். மூடியை அவளே எடுத்து வைத்தாள்.

புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் லினேயோ என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பிணத்தை அசைச்சா நெஞ்சுல தங்கின காத்து வெளிய வரும்க்கா. படிச்சிருக்கேன். ரெண்டு மூணு தடவை பாத்தும் இருக்கேன்.”

“சரி.”

“பொசுக்குனு வரும். அவ்வளவுதான். நாலு எண்ணிக்கை வராது. நீங்க எண்ணினீங்களா?”

நான் எண்ணவில்லை என்றேன். கீழே சாவு வீட்டில் ஆட்டுக்கறி பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். மாதூசோ, உட்காரச் சொன்னவர்களைக் கேட்காமல், நின்றபடியே ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.